"காய்ச்சல் இல்லை" என்று சொன்ன வீட்டிலிருந்து

சென்னையில் 2020-ஆம் ஆண்டு வீடு வீடாக வந்து காய்ச்சல் விசாரித்த களப்பணியாளர்களுக்கு,



உங்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. முகம்கூடத் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களையும், வேர்வையில் கலைந்துபோன நெற்றிப் பொட்டையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கையில் நீளமான நோட்டு, தோளில் துணிப்பை, நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. "அக்கா, வீட்ல யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் இருக்கா?" நாள் தவறாமல் அதே கேள்வி. "இல்லம்மா" என்போம். நீங்கள் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவீர்கள்.

அந்த "இல்லம்மா"க்களில் எத்தனையோ பொய். என்னுடையதும் பொய்தான். ஆறு நாள் விடாமல் சொன்ன பொய்.

அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. நாங்கள் ஏன் பொய் சொன்னோம் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். விழிப்புணர்வு எங்களுக்கு நிறையவே இருந்தது. காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் ஒளித்தோம்.

எங்கள் வீடு அப்போது தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஒரே வரிசையில் ஏழு குடித்தனம், நடுவில் ஒரு குழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். மாடியில் வீட்டுக்காரம்மா. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என் கணவர் குட்டியானை ஓட்டுகிறார், காய்கறி லோடு. கூடவே மாமனார், அறுபத்தேழு வயது, சர்க்கரை உண்டு. எங்கள் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு மறைப்பு.

கொரோனா எங்கள் சந்துக்கு முதலில் ஒரு சத்தமாகத்தான் வந்தது. யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு இருமல். அதற்குப் பிறகு, நோயோடு போராடுங்கள், நோயாளியோடு போராடாதீர்கள் என்று ஒரு குரல் சொல்லும். நாள் ஒன்றுக்குப் பத்து முறை அதைக் கேட்டிருப்போம். ஆனால் எங்களைச் சுற்றி நடந்ததெல்லாம் நேர்மாறு. ஏப்ரலில், டெல்லியில் நடந்த முஸ்லிம் மாநாட்டுக்குப் போய் வந்தவர்களால்தான் வந்தது என்றார்கள். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளுக்குப் பால் போடுகிற பையன்கூடப் பாக்கெட்டை வாசலில் எறிந்துவிட்டு ஓடினான். தொற்று பரவியதென்று மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடியதும் பழி காய்கறிக்காரர்கள் மேல் திரும்பியது. என் கணவரின் வண்டி அதுவரை சந்து முனையில் நிற்கும். அங்கே நிறுத்தக் கூடாது என்று சொன்னவர்கள், இரண்டு நாள் முன்னால் வரை அதே வண்டியிலிருந்து தக்காளி வாங்கியவர்கள். ஜூனில் சென்னையை விட்டுக் கிளம்பியவர்களின் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை கட்டி நின்றனவே, அந்தச் சென்னைக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது, எத்தனையோ ஊர்களில் வழியில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்கும் முன்னால், பழி ஒருவர் கைமாறி இன்னொருவரிடம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்தது நம் வாசல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் எங்களுக்கு இருந்த முதல் கவலை.

அப்புறம் வாசலில் ஒட்டிய அந்த ஸ்டிக்கர். "தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதே." மார்ச் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் கட்சி அலுவலகமாக இருந்த வீட்டிலேயே தவறுதலாக ஒட்டிவிட்டு, பிறகு எடுத்தார்கள். அவர் ஒரு அறிக்கை விட்டார், விஷயம் முடிந்தது. எங்கள் வாசலில் ஒட்டினால் எங்கள் அறிக்கையை யார் வாங்குவார்கள்? இப்படி ஒட்டியே ஆக வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது டிசம்பர் 2020-இல். அதற்குள் எத்தனை வாசலில் பசை காய்ந்து போயிருந்தது.

ஸ்டிக்கரை விடக் கொடுமை, நோய் வந்த இடத்தை அடைத்து அடிக்கிற தகரம். வெளியிலிருந்து ஆணி அடிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உள்ளே இருந்து கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு அடிக்கும் சுவரில் மாட்டிய சாமி படம் ஆடும்.

அடையாளம் வைத்த வீட்டில் நான் முன்பும் இருந்திருக்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் அம்மை வந்தது. செய்யாறு பக்கம் எங்கள் அம்மாவின் ஊர். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். அதுவும் ஒரு அடையாளம்தான், யாரும் உள்ளே வராதீர்கள் என்பதுதான் அதற்கும் பொருள். ஆனால் தெருவில் போகிறவர்கள் அந்த வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவார்கள். "அம்மா எறங்கிட்டாளா?" என்று வாசலில் நின்றே கேட்பார்கள். திண்ணையில் இளநீரை வைத்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று எங்கள் வீட்டில் பொங்கல் வைத்ததாக ஞாபகம். வேப்பிலை அம்மையைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. பெரியம்மை எத்தனை லட்சம் உயிரைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். தொழுநோயையும் காசநோயையும் அதே ஊர் எப்படி ஒதுக்கியது என்றும் தெரியும். ஆனால் அம்மை வந்த வீட்டுக்காரர்கள் அம்மையை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அது மட்டும் உண்மை.

பெரியம்மையை ஒழித்ததும் உங்களைப் போல வீடு வீடாகப் போனவர்கள்தான். எழுபதுகளில் அம்மை கண்டவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று வாசல் வாசலாகக் கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். நோய் வந்த வீட்டுக்குக் காவலும் போட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 1975-க்குப் பிறகு இந்திய மண்ணில் யாருக்கும் புதிதாகப் பெரியம்மை தொற்றவில்லை. அன்று உண்மையைச் சொன்னவருக்குப் பணம் கிடைத்தது. 2020-இல் உண்மையைச் சொன்னால் தகரம். உங்கள் நோட்டில் ஏன் அத்தனை "இல்லை" விழுந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் அரசு கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்டது. அப்போதும் வீடு புகுந்து சோதனை, நோயாளியைப் பிடித்து முகாமில் போடுவது. அப்போதும் ஜனங்கள் நோயாளியை ஒளித்தார்கள். அச்சகத்தில் ஒரு புத்தகத்துக்குப் பிழை பார்த்தபோது இதைப் படித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஏப்ரல் 19, 2020. நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய விடவில்லை. அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோன இடத்தில் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள், ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, டிரைவர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில், கூட வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் வந்து, தன் கையால் மண்வெட்டி பிடித்து மண் தள்ளினார். இப்படித் தடுப்பவர்களைத் தண்டிக்க ஒரு வாரத்தில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நாங்கள் எல்லாம் டிவியில் பார்த்தோம். கல்லெறிந்தவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான், சந்திலும் தெருவிலும் வாழ்கிறவர்கள், பயந்தவர்கள். என் மாமனார் அந்தச் செய்தி முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, "டாக்டருக்கே இப்படின்னா எனக்கு என்னம்மா?" என்றார். இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தபோது அவர் முதலில் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லிடாத."

ஜூன் 12, வெள்ளிக்கிழமை ராத்திரி அவருக்கு உடம்பு சுட்டது. மறுநாள் காலை நீங்கள் பத்தரை மணி வாக்கில் வருவீர்கள் என்று தெரியும். ஒன்பது மணிக்கே டோலோ 650 கொடுத்துவிட்டேன். நீங்கள் கருவியை நீட்டியபோது 98 காட்டியது. நான் எவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அப்படியே ஆறு நாள். மகளிடம், யார் கேட்டாலும் தாத்தா தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னோம். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அவள் அதை நன்றாகவே சொன்னாள்.

வீட்டுக்காரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார், யாருக்காவது ஏதாவது வந்தால் காலி பண்ணிவிட வேண்டும் என்று. தகரம் அடித்தால் 14 நாள் வண்டி ஓடாது. கோயம்பேட்டுக்குப் பதிலாக வந்த திருமழிசைச் சந்தைக்கு ஒருநாள் போகவில்லை என்றால் அந்த இடத்தை வேறு வண்டி பிடித்துக்கொள்ளும். வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம் என்று ஒரு வழியும் சொன்னார்கள். தனி அறையும் தனிக் கழிப்பறையும் உள்ளவர்களுக்கு. ஏழு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ் உள்ள இடத்தில் அந்த வாக்கியத்தை வாசித்துவிட்டு என்ன செய்வது? இடைவெளி விதியும் அப்படித்தான். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்களே, அதில் பைகள் ஒழுங்காக இடைவெளி விட்டு நிற்கும். ஆட்கள் எல்லோரும் பக்கத்து வேப்பமரத்தடியில் நெருக்கியடித்து நிற்போம். எங்களுக்குச் சட்டத்தை மீற ஆசையில்லை. அந்தத் தெருவில் நிழல் அங்கே மட்டும்தான் இருந்தது.

உங்களில் ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜூன் 17, புதன்கிழமை. இருபத்தைந்து வயது இருக்கும், பச்சைக் கலர் முகக்கவசம். கேள்வி கேட்டார், நான் இல்லை என்றேன். அவர் நோட்டைத் திறக்கவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். மிளகுக் கஷாயம் குடித்த டம்ளர், தலைமாட்டில் ஈரத் துணி, பகல் நேரத்தில் போர்வை போர்த்தியபடி ஒரு ஆள். அத்தனையும் அவர் கண்ணில் பட்டது எனக்கும் தெரிந்தது. அவர் பையிலிருந்து ஜிங்க் மாத்திரை அட்டை ஒன்றும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் எடுத்து வாசல்படியில் வைத்தார். "அக்கா, காய்ச்சலை ஒளிச்சிட்டீங்க, பரவால்ல. மூச்சு வாங்குச்சுன்னா மட்டும் ஒளிக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டி, ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, அதன் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதினார். "நானும் வாடகை வீடுதான்க்கா. இந்த வேலைக்கு வர்றேன்னு வீட்டு ஓனருக்குத் தெரியாது. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன்."

காய்ச்சலை விசாரிக்க வந்தவரும் ஒளித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களைச் சில தெருக்களில் உள்ளேயே விடவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் சந்திலேயே ஒருமுறை உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு.

ஜூன் 20 ராத்திரி மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு தொடங்கி இரண்டாம் நாள். ஒரு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தி, இன்னொரு வார்த்தைக்குக் காற்றைத் தேடினார். நான் காலண்டர் தாளை எடுத்தேன். நாலாவது மணியில் அந்தப் பெண் எடுத்தார். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று அவர்தான் யார் யாருக்கோ பேசி, 108-ஐ எங்கள் சந்துக்கு வரவழைத்தார். நீலக் கவச உடை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். ஏழு குடித்தனமும் ஜன்னலைச் சாத்தியது. சாத்திய ஜன்னலின் இடுக்கில் எல்லாம் கண்கள்.

அவர் பிழைத்துவிட்டார். பதிமூன்று நாள் ஆக்சிஜனோடு இருந்துவிட்டு வீடு வந்தார். அதற்குள் சந்தின் இரண்டு முனையிலும் தகரம், எங்கள் மூவருக்கும் பரிசோதனை, வீட்டுக்காரம்மாவின் குரல். பயந்தது எல்லாமே ஒவ்வொன்றாக நடந்தது. செப்டம்பரில் வீட்டைக் காலி செய்தோம். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது.

தாங்க முடியாதது மூன்றாம் வாசல். அங்கே ஆயா ஒருவர் தனியாக இருந்தார். காலையில் இட்லி சுட்டு விற்பவர். என் பொய் அவரிடம் செல்லவில்லை. ஜூன் 14-ஆம் தேதி கஞ்சிச் சட்டியோடு உள்ளே வந்து மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள வராதீங்க ஆயா" என்று நான் சொன்னேனா என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். சொன்னதாகத்தான் ஞாபகம். உரக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "எங்க ஊர்ல அம்மை கண்டப்ப எல்லாம் நான்தான்டி கஞ்சி ஊத்துனேன், எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே மாமனாரின் வாயைத் துடைத்துவிட்டார். ஜூன் 21 ஆயாவுக்குக் காய்ச்சல். ஜூலை 1 இறந்துவிட்டார். அன்றாடம் வந்த அரசு அறிக்கையின் பின்பக்கங்களில் இறந்தவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி போட்டிருப்பார்களே, வயது, ஆணா பெண்ணா, ஊர், என்றைக்குச் சேர்த்தார்கள், என்ன இணை நோய் என்று. அடுத்தடுத்த நாள் அறிக்கைகளில் நான் அந்த நாலு வரியைத் தேடினேன். பிழை திருத்துகிறவளுக்கு வரிகளைத் தேடுவது பழக்கம்தான். சென்னை, எழுபத்தொரு வயதுப் பெண், ரத்த அழுத்தம் என்று ஒரு பத்தி இருந்தது. அது ஆயாதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பெயர் இல்லை. இட்லி இல்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் அவருக்கு வந்ததா, குழாயடியிலா, இட்லி வாங்க வந்த யாரிடமிருந்தாவதா என்றும் தெரியாது. தெரியவும் போவதில்லை.

அதே ஜூலை 22-ஆம் தேதி, சென்னையில் விடுபட்டுப்போன 444 இறப்புகளைச் சேர்க்கிறோம் என்று அரசு அறிவித்தது. காய்ச்சலை ஒளித்தது நாங்கள். சாவுகள் எப்படி விடுபட்டன என்று அன்று முழுக்க என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் பதில் இல்லை.

மறு வருடம் மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மே 21, 2021 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அப்போது யாரும் ஒளிக்கவில்லை. ரெம்டெசிவிர் மருந்து வாங்கக் கீழ்ப்பாக்கத்தில் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றார்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு காத்துக் கிடந்தன. எனக்கு இருக்கிறது, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். முதல் வருடம் தகரத்துக்குப் பயந்தவர்கள் இரண்டாம் வருடம் மூச்சுக்குப் பயந்தார்கள். ஒரே ஜனங்கள்தான்.

இந்த இரண்டு பயத்தையும் வாசலில் நின்று பார்த்தவர்கள் நீங்கள். எந்த வீட்டில் எதனால் இல்லை என்கிறார்கள், யார் சொல்வது பொய், எந்தப் பொய்க்குப் பின்னால் வேலை இருக்கிறது, எதற்குப் பின்னால் வீட்டுக்காரர் இருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. மாலையில் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு உங்களை அனுப்பினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மொத்தமாகவே அனுப்பிவிட்டார்கள். இனி ஒரு நோய் வந்தால் முதலில் உங்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன். 14 நாள் கூலியைக் கையில் கொடுத்திருந்தால், காலி செய்யச் சொல்ல முடியாதபடி வீட்டுக்காரர்களைத் தடுத்திருந்தால், அந்த ஜூன் 13 காலையில் நான் டோலோவை எடுத்திருக்க மாட்டேன். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பச்சை முகக்கவசம் போட்ட தங்கைக்கு: அந்த நம்பருக்கு எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டேன். உபயோகத்தில் இல்லை என்கிறது. காலண்டர் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாமனார் இருக்கிறார். எழுபது தாண்டியாயிற்று, மாடிப்படி ஏறினால் மட்டும் கொஞ்சம் இளைக்கிறது.

உங்கள் நோட்டுகள் எங்காவது கட்டுக்கட்டாக இருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் சந்தின் பக்கத்தைத் திறந்து இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாசல். ஜூன் 12 முதல் பெரியவருக்கு 102 காய்ச்சல். ஜூன் 15 முதல் அவர் மகனுக்கு உடம்பு வலி, வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். ஜூன் 16 காலை மருமகள் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள், வாசனை தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் வாசல். தனியாக ஒரு பெண், வயது எழுபத்தொன்று. ஜூன் 21 முதல் காய்ச்சல். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஐந்தாம் வாசலுக்குக் கஞ்சி கொண்டுபோனார்.

இப்படிக்கு,
ஐந்தாம் வாசல் மருமகள்